மூன்று கம்பைலர்களில் பெட்சி கட்டிய அனுபவம்

எங்கள் ஒலி அலைக் கணக்கீட்டு நிரல் பாதி சி, பாதி ஃபோர்ட்ரான். அதில் வரும் பெரிய சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்த்துக் கொடுப்பது பெட்சி. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் 1991-ல் தொடங்கி இன்றும் வளர்ந்துகொண்டிருக்கும் லைப்ரரி அது. மூல நிரலை இயந்திர நிரலாக்கும் கம்பைலர்களில், அன்றாட வேலைக்கு உபுண்டு 24.04 லினக்ஸுடன் வரும் ஜிசிசி 13 போதும். பல கணினிகளை இணைத்த கிளஸ்டரில் இன்டெல் கம்பைலர்தான் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவே எல்எல்விஎம் திட்டத்தின் கம்பைலரான கிளாங்கிலும் ஒரு பதிப்பு வைத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஜிசிசி கண்டுகொள்ளாத சிலதைக் கிளாங் எச்சரிக்கும், கிளாங் விடுவதை ஜிசிசி பிடிக்கும். இரண்டிலும் சத்தமில்லாமல் கம்பைல் ஆகிற நிரல் மேல் நம்பிக்கை கூடுகிறது. ஆக ஒரே மூல நிரல், மூன்று கட்டுமானம்.

இதில் இறங்குபவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது ஒன்று. எண்கணித லைப்ரரியைப் பொறுத்தவரை கம்பைலர் என்பது ஒற்றை ஆள் இல்லை. சி, சி++, ஃபோர்ட்ரான் மூன்றுக்கும் ஆளுக்கொரு கம்பைலர். அவற்றைப் போர்த்திக்கொண்டு, பல புராசஸ்கள் செய்தி பரிமாறி ஒரே கணக்கைச் செய்ய உதவும் எம்பிஐயின் ராப்பர், அதாவது உரிய தேர்வுகளைச் சேர்த்து உண்மையான கம்பைலரைக் கூப்பிடும் கட்டளை. அடியில் வெக்டர், மேட்ரிக்ஸ் கணக்குகளுக்கான பிளாஸும் லேபேக்கும். கூடவே, நிரலைப் பல த்ரெட்களாக (இணையாக ஓடும் இழைகளாக) ஓட்டும் ஓபன்எம்பியின் ரன்டைம். எல்லாம் சேர்ந்து ஒரு செட். தேர்ந்தெடுத்தால் முழு செட்டாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சி கம்பைலரைக் குறிக்கும் சிசி என்ற மாறியை மட்டும் கிளாங்குக்குத் திருப்பிவிட்டு மற்றதை அதன் போக்கில் விட்டால், பெரும்பாலும் கம்பைல் ஆகிவிடும், லிங்க்கும் ஆகிவிடும். விடை மட்டும் தப்பாக வரும்.

அதனால் டெர்மினலைத் தொடும் முன்பே ஒரு தாளில் அட்டவணை போட்டேன். முதல் செட்: ஜிசிசி, ஜி++, ஜிஃபோர்ட்ரான், மூன்றும் 13, அவற்றாலேயே கட்டிய எம்பிச் (ஓர் எம்பிஐ), ஓபன்பிளாஸ் (ஒரு பிளாஸ்). இரண்டாவது: கிளாங் 18, கிளாங்++ 18, ஆனால் ஃபோர்ட்ரானுக்கு அதே ஜிஃபோர்ட்ரான் 13, தனியாக இன்னொரு எம்பிச், முதல் செட்டின் ஓபன்பிளாஸே. மூன்றாவது: இன்டெலின் சி, சி++, ஃபோர்ட்ரான் கம்பைலர்களான ஐசிஎக்ஸ், ஐசிபிஎக்ஸ், ஐஎஃப்எக்ஸ், இன்டெல் எம்பிஐ, எம்கேஎல் (இன்டெலின் பிளாஸும் லேபேக்கும்).

கிளாங் செட்டில் எல்எல்விஎம்மின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஃபிளாங் ஏன் இல்லை என்று கேட்கலாம். எல்எல்விஎம் 18-ல் அதன் கட்டளைப் பெயரே இன்னும் ஃபிளாங்-நியூ என்றுதான் இருந்தது. 2025-ல் வந்த எல்எல்விஎம் 20-ல்தான் ஃபிளாங் என்ற முழுப் பெயர் கிடைத்தது. நாலு பேர் நம்பி ஓட்டும் கட்டுமானத்தில் அதைச் சேர்க்க அவசரம் இல்லை. இன்டெல் பக்கம் பழைய ஃபோர்ட்ரான் கம்பைலரான ஐஃபோர்ட், ஒன்ஏபிஐ தொகுப்பின் 2025 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது, எனவே ஐஎஃப்எக்ஸ் தவிர வேறு வழியில்லை.

பிளாஸில் தொடங்குவது

கீழிருந்து மேலே கட்டுவதுதான் நல்லது. ஓபன்பிளாஸ் என்பது கோட்டோபிளாஸ்2 என்ற பழைய பிளாஸிலிருந்து கிளைத்து வந்தது. அதன் மேக்ஃபைலில் சிசி, எஃப்சி (ஃபோர்ட்ரான் கம்பைலர்) இரண்டையும் கட்டளை வரியிலேயே கொடுத்துவிடலாம். நான் ஜிசிசியும் ஜிஃபோர்ட்ரானும் கொடுத்தேன். அதோடு இரண்டு தேர்வுகள் முக்கியம்.

ஒன்று, டைனமிக் ஆர்ச். அதைக் கொடுக்காவிட்டால் ஓபன்பிளாஸ் தான் கட்டப்படும் இயந்திரத்தின் செயலியைப் பார்த்து அதற்கு மட்டும் பொருந்தும் கெர்னலை, அதாவது உள் கணக்கீட்டுப் பகுதியை, கட்டும். புதிய செயலியில் கட்டியதைப் பழைய கணினியில் ஓட்டினால் தெரியாத கட்டளை என்று சொல்லி நிரல் விழும். டைனமிக் ஆர்ச்சை 1 ஆக வைத்தால் பல செயலிகளுக்கான கெர்னல்களையும் உள்ளே வைத்து, ஓடும் நேரத்தில் தேர்ந்தெடுக்கும். கட்ட நேரம் கூடும், கோப்பும் பெருக்கும். பரவாயில்லை.

இரண்டாவது, த்ரெட். கிளாங்கையும் ஜிஃபோர்ட்ரானையும் சேர்த்து ஓபன்எம்பியோடு ஓபன்பிளாஸ் கட்டினால், சி பகுதி எல்எல்விஎம்மின் லிப்ஓஎம்பியைக் கேட்கும், ஃபோர்ட்ரான் பகுதி ஜிசிசியின் லிப்ஜிஓஎம்பியைக் கேட்கும். ஒரே நிரலுக்குள் இரண்டு ரன்டைம், ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது. ஒவ்வொன்றும் எல்லாக் கோர்களும் தனக்கே என்று நினைத்து த்ரெட்களை எழுப்பும். பெட்சியில் இணைப்பணியை எம்பிஐ பார்த்துக்கொள்கிறது, பிளாஸுக்குள் த்ரெட் எங்களுக்குத் தேவையே இல்லை. எனவே யூஸ் த்ரெட் என்பதை 0 ஆக்கிவிட்டேன். உங்கள் நிரலே பல த்ரெட்களிலிருந்து பிளாஸைக் கூப்பிடுமானால், யூஸ் லாக்கிங் என்பதை 1 ஆக்குவதும் கட்டாயம்.

முதல் இரண்டு செட்டும் ஓபன்பிளாஸைப் பகிர்ந்துகொள்ள முடிவது இரண்டிலும் ஃபோர்ட்ரான் கம்பைலர் ஒன்றே என்பதால்தான். சி பக்கம் ஜிசிசிக்கும் கிளாங்குக்கும் லினக்ஸில் அழைப்பு முறை ஒன்றே. சிக்கல் வருவது ஃபோர்ட்ரான் எல்லையில்.

ஒரு பெருக்கலை உள்ளே போய்ப் பார்த்தால்

எங்கள் கணக்கு கலப்பெண்களில் நடப்பது. அதனால் இந்த எல்லையை நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டியிருந்தது. பிளாஸில் இசட்டாட்சி என்று ஒரு ஃபங்ஷன். இரண்டு கலப்பெண் வெக்டர்களை எடுத்து, முதலாவதன் இணையெண்ணைக் கொண்டு புள்ளிப் பெருக்கல் செய்து, ஒரு கலப்பெண்ணைத் திருப்பித் தரும். அந்தத் திருப்பித் தருதலில்தான் வித்தியாசம். 64 பிட் லினக்ஸில் ஜிஃபோர்ட்ரான் விடையைச் செயலியின் ரெஜிஸ்டர்களில் வைத்துத் தருகிறது. இன்டெல் ஃபோர்ட்ரானோ அழைப்பவரிடமிருந்து மறைவான முதல் ஆர்க்யூமென்டாக ஒரு முகவரியை எதிர்பார்த்து, விடையை அங்கே எழுதுகிறது. எம்கேஎல்லில் இன்டெலுக்கு ஒரு இடைமுக அடுக்கும் ஜிஃபோர்ட்ரானுக்கு இன்னொரு அடுக்கும் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டும் கலந்தால் என்ன ஆகும்? அழைப்பவர் ஐந்து ஆர்க்யூமென்ட் தருகிறார்: நீளம், முதல் வெக்டர், அதன் தாவல் (அடுத்தடுத்த உறுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி), இரண்டாம் வெக்டர், அதன் தாவல். பெறுபவர் ஆறு எதிர்பார்க்கிறார், எல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடுகிறது. நீளம் இருந்த முகவரி விடை எழுதும் இடம் ஆகிறது. வெக்டரின் முகவரி நீளத்தின் முகவரி ஆகிறது. அதாவது வெக்டரின் முதல் உறுப்பின் முதல் 4 பைட்டை முழு எண்ணாகப் படித்து அதுதான் நீளம் என்று எடுத்துக்கொள்கிறது.

முதல் உறுப்பின் மெய்ப்பகுதி 1.0 என்று வைத்துக்கொள்வோம். இரட்டைத் துல்லியத்தில் அதன் முதல் 4 பைட்டும் சுழி. நீளம் சுழி என்றால் பிளாஸின் மூல வடிவமான நெட்லிப் நிரல் ஒன்றும் செய்யாமல் சுழியைத் திருப்பும். அந்தச் சுழியும் 16 பைட் அளவுக்கு, 4 பைட் மட்டுமே உள்ள நீள மாறியின் மேல் எழுதப்படும். பக்கத்து மாறிகளும் அழியும். மெய்ப்பகுதி 0.1 என்றால் அந்த 4 பைட் ஒரு குறை எண், திரும்பவும் அதே கதை. 0.3 என்றால் நீளம் 85,89,93,459. இப்போது நிரல் சொந்தமில்லாத மெமரிக்குள் ஓடி விழுந்துவிடும். விழுந்தால் நல்லது. 1.0-லும் 0.1-லும் விழவில்லையே, அதுதான் ஆபத்து.

இதற்காக ஒரு சின்ன சோதனை நிரல் எழுதி ஒவ்வொரு செட்டிலும் முதலில் ஓட்டுகிறேன். சி-யிலிருந்து இசட்டாட்சியை நேரடியாக அழைக்கும் நிரல் அது. முதல் எண் 1+2ஐ, இரண்டாவது 3−ஐ (ஐ என்பது கற்பனை அலகு). விடை 1−7ஐ வர வேண்டும். வேறெது வந்தாலும் அந்த பிளாஸ் அந்தச் செட்டுக்கு ஆகாது. பெட்சியைக் கட்டும் முன் ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டும் இதே ரகச் சோதனைகளைத் தானே செய்கிறது: ஒற்றைத் துல்லியப் புள்ளிப் பெருக்கல் ஒற்றையாகவே திரும்புகிறதா, இரட்டையாகவா, பிளாஸின் முழு எண் 32 பிட்டா, 64 பிட்டா என்று ஓட்டிப் பார்க்கும். ஆனாலும் உங்கள் நிரல் பெட்சியைத் தாண்டி நேரடியாக பிளாஸைக் கூப்பிடுகிறது என்றால், உங்கள் சோதனை உங்களிடம் இருக்க வேண்டும்.

எழுத்துச் சரங்களிலும் இதே மாதிரி ஒன்று ஒளிந்திருக்கிறது. லேபேக் ஃபங்ஷன்கள் மேல் முக்கோணமா கீழ் முக்கோணமா என்பதை ஓர் எழுத்தாக வாங்கும். ஃபோர்ட்ரான் மரபுப்படி அந்த எழுத்தின் நீளமும் கடைசியில் மறைவாகப் போக வேண்டும். சி நிரலர்கள் பல வருடங்களாக அதை விட்டுவிட்டே அழைத்து வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. 2019-ல் ஜிஃபோர்ட்ரானின் வேக மேம்படுத்தல் (ஆப்டிமைசேஷன்) அந்த நீளத்துக்கான இடத்தையும் பயன்படுத்தத் தொடங்கியதும், அழைப்பவரின் ஸ்டாக் (அதன் மாறிகள் இருக்கும் மெமரி) அழிந்து ஆர் மொழிப் பொட்டலங்கள் வரை அடிவாங்கின. ஜிசிசி பக்கம் ஒரு தற்காப்புத் தேர்வு சேர்த்தார்கள். அதை நம்பாமல், எங்கள் சி நிரலின் லேபேக் அழைப்புகள் எல்லாவற்றிலும் நீளத்தைச் சேர்த்துவிட்டேன். ஜிசிசி 8-லிருந்து அதன் வகை சைஸ்_டி, அதற்கு முன் இன்ட் என்பதையும் கவனிக்க வேண்டும்.

எம்பிஐ ராப்பர் எதைக் கூப்பிடுகிறது

எம்பிச்சிலும், இன்னோர் எம்பிஐயான ஓபன் எம்பிஐயிலும் சூழல் மாறி ஒன்றை வைத்து ராப்பரின் உள்ளே இருக்கும் கம்பைலரை மாற்ற முடியும். சி-க்கு அது பெரும்பாலும் போதும். ஃபோர்ட்ரானுக்குப் போதாது. ஃபோர்ட்ரானில் எம்பிஐ மாட்யூலைப் பயன்படுத்தினால், எம்பிஐ கட்டப்பட்ட அன்று அந்தக் கம்பைலர் எழுதி வைத்த மாட் கோப்பு வேண்டும். அந்தக் கோப்பு கம்பைலருக்குக் கம்பைலர் வேறு.

சந்தேகம் இருந்தால் திறந்தே பாருங்கள். ஜிஃபோர்ட்ரானின் மாட் கோப்பு ஜிசிசி 4.9-லிருந்து ஜிஜிப்பால் சுருக்கப்பட்ட உரை. விரித்துப் பார்த்தால் முதல் வரியிலேயே ஜிஃபோர்ட்ரான் மாட்யூல் பதிப்பு 15 என்று எழுதியிருக்கும். ஃபிளாங்கின் மாட் கோப்பைச் சாதாரண எடிட்டரிலேயே திறக்கலாம், தலையில் ஒரு சரிபார்ப்பு எண்ணும் கீழே படிக்கக்கூடிய ஃபோர்ட்ரானும் இருக்கும். இன்டெலுடையது பைனரி. ஐஎஃப்எக்ஸிடம் ஜிஃபோர்ட்ரான் மாட் கோப்பைக் கொடுத்தால், இந்தக் கம்பைலரின் எந்த வெளியீடும் இதை உருவாக்கவில்லை என்று 7013-ஆம் எண் பிழையோடு நிறுத்திவிடும். இவ்வளவு தெளிவான பிழை கிடைப்பது நமக்கு நல்லதுதான்.

ஆகவே ஒவ்வொரு செட்டுக்கும் அதன் எம்பிஐ. முதல் இரண்டுக்கும் பெட்சியின் கான்ஃபிகரையே எம்பிச் இறக்கிக் கட்டச் சொன்னேன். அப்படிச் செய்யும்போது சி கம்பைலராக ராப்பரைக் கொடுக்கக் கூடாது, வெறும் ஜிசிசியையோ கிளாங்கையோ கொடுக்க வேண்டும். ஏற்கெனவே எம்பிஐ இருந்தால் அதன் கோப்புறையைக் கொடுக்கலாம் அல்லது ராப்பர்களின் பெயரைக் கொடுக்கலாம், இரண்டையும் சேர்த்துத் தரக் கூடாது.

இன்டெல் எம்பிஐயில் தனியாக ஒரு பொறி. அங்கே எம்பிஐசிசி என்ற ராப்பர் வழக்கமாகக் கூப்பிடுவது ஜிசிசியை! எம்பிஐஎஃப்90 கூப்பிடுவது ஜிஃபோர்ட்ரானை. இன்டெல் கம்பைலர் வேண்டுமானால் எம்பிஐஐசிஎக்ஸ், எம்பிஐஐசிபிஎக்ஸ், எம்பிஐஐஎஃப்எக்ஸ் என்று இரட்டை ஐ உள்ள பெயர்களைக் கொடுக்க வேண்டும். எந்த ராப்பராக இருந்தாலும் ஷோ தேர்வோடு ஒருமுறை ஓட்டினால் உள்ளே இருக்கும் உண்மையான கட்டளை முழுதாகத் தெரிந்துவிடும். ஓபன் எம்பிஐயில் அதன் பெயர் ஷோமி.

கான்ஃபிகர்

பெட்சியில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு பெட்சி ஆர்ச் என்னும் பெயர். ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் ஒரு பெயர் கொடுத்தால் மூல நிரல் மரத்துக்குள்ளேயே அந்தப் பெயரில் ஒரு கோப்புறை உருவாகி, அதன் லைப்ரரி, ஹெடர், லாக் எல்லாம் அங்கே தங்கும். ஒரே காம்பவுண்டில் தனித்தனி மின் மீட்டர் வைத்த வீடுகள் மாதிரி. பெயரில் கம்பைலர், அதன் பதிப்பு, கலப்பெண்ணா மெய்யெண்ணா, டீபக்கா இல்லையா என்ற நாலும் தெரிகிற மாதிரி வைத்தேன். நீளமான பெயர்தான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறவருக்கு எதையும் யூகிக்க வேண்டியதில்லை.

கிளஸ்டர்களில் மாட்யூல் கட்டளையால் மென்பொருளை ஏற்றும்போது சிசி, எஃப்சி போன்ற சூழல் மாறிகள் தாமாகவே அமைந்துவிடுவது வழக்கம். பெட்சியின் கான்ஃபிகர் அவற்றைப் பொருட்படுத்தாது. வேண்டுமானால் கட்டளை வரியில் வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் இது தொந்தரவாகத் தோன்றலாம். எங்கிருந்தோ வந்த மாறி ஒன்று கட்டுமானத்தை மாற்றிவிடாமல் இருப்பதால், நான் இதைப் பெரிய நன்மையாகவே பார்க்கிறேன். கான்ஃபிகர் முடிந்ததும் திரையில் வரும் சுருக்கத்தில் ஒவ்வொரு கம்பைலரின் முழுப் பாதையும் பதிப்பும் இருக்கும். அதைப் படிக்காமல், கட்டத் தொடங்கும் மேக் கட்டளையை அடிக்க வேண்டாம். கான்ஃபிகர் நடுவில் நின்றுவிட்டால், கான்ஃபிகர் லாக்கின் கடைசிப் பகுதியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். லாக் பெரிதாக இருந்தாலும், தோற்ற சின்ன நிரலும் கம்பைலர் சொன்ன சொல்லும் அப்படியே அதில் இருக்கும்.

கட்டியதும் ஓட்டும் மேக் செக் கட்டளை இரண்டு மாதிரிகளை ஓட்டும்: சி-யில் எக்ஸ்19, ஃபோர்ட்ரானில் எக்ஸ்5எஃப். முதலாவது தேறி இரண்டாவது தேறாவிட்டால் ஃபோர்ட்ரான் எல்லையில் சிக்கல் என்று உடனே தெரியும்.

பெட்சி தேறியது, எங்கள் பழைய ஃபோர்ட்ரான் தேறவில்லை. ஒரே சப்ரொட்டீனை ஓரிடத்தில் அரேயோடும் இன்னோரிடத்தில் தனி எண்ணோடும் அழைக்கும் பழைய பாணி நிரல். 2020-ல் வந்த ஜிசிசி 10-லிருந்து ஜிஃபோர்ட்ரான் இதைப் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. பொருந்தாமையை அனுமதிக்கும் தேர்வு ஒன்று உண்டு, அதைக் கொடுத்தால் எச்சரிக்கையாகக் குறையும். மொத்தக் கட்டுமானத்துக்கும் அதைப் போடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒரு கோப்புக்கு மட்டும் போட்டு, பிறகு தனி எண்ணை ஓருறுப்பு அரேயாக மாற்றி, தேர்வையும் எடுத்துவிட்டேன்.

எது உண்மையில் ஏறுகிறது

கட்டி முடித்த பிறகு ஒவ்வொரு பைனரியிலும், அது எந்தெந்த லைப்ரரிகளை ஏற்றும் என்று காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டிப் பார்ப்பேன். நான் தேடுவது: ஜிஃபோர்ட்ரானின் ரன்டைமான லிப்ஜிஃபோர்ட்ரான் ஒன்றே ஒன்றா? ஜிசிசி 7-க்கு அது 4-ஆம் எண், 8-லிருந்து 5-ஆம் எண். 3-ஆம் எண்ணோ 4-ஆம் எண்ணோ எட்டிப் பார்த்தால் எங்கோ பழைய லைப்ரரி ஒன்று ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஓபன்எம்பி ரன்டைம் ஒன்றுக்கு மேல் இருக்கிறதா? பிளாஸ் நாம் கட்டியதா, சிஸ்டத்துடையதா? பொட்டல மேலாளரான கோண்டாவின் சூழல் திறந்திருக்கும்போது லைப்ரரிப் பாதை மாறி வேறெதையாவது இழுத்துவிடும், அதனால் புதிய ஷெல்லில் பார்ப்பது நல்லது.

விடைகள் ஒத்துப்போகுமா?

கடைசிப் பகுதி இது. மூன்று செட்டிலும் ஒரே கணக்கை ஓட்டினால் எண்கள் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. பெருக்கிக் கூட்டும் எஃப்எம்ஏ கட்டளை உள்ள செயலியில், பெருக்கல், கூட்டல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒருமுறைதான் ரவுண்டிங். ஜிசிசி வழக்கமாகவே கோவைகளைத் தாண்டியும் இந்தச் சேர்ப்பைச் செய்யும். கிளாங் 14-லிருந்து ஒரே கோவைக்குள் இருந்தால் மட்டும் செய்கிறது. விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் எக்ஸ் வர்க்கத்திலிருந்து ஒய் வர்க்கத்தைக் கழித்துப் பாருங்கள், எக்ஸும் ஒய்யும் சமமாக இருக்கும்போது. ஒரு வர்க்கம் ரவுண்ட் ஆகி, மற்றது ஆகாமல் கழிபடுவதால் சுழிக்குப் பதில் ஒரு குட்டி எண் வரலாம். அது குறை எண்ணாக இருந்து, நீங்கள் அதற்கு வர்க்கமூலம் எடுத்தால் நேன், அதாவது எண் அல்லாத மதிப்பு.

இன்டெலில் இன்னொரு அடுக்கு. ஐசிஎக்ஸின் வழக்கமான மிதவைப் புள்ளி அமைப்பே வேகத்துக்கானது, நேன் வராது என்று அது எடுத்துக்கொள்ளும். நேனா என்று சோதிக்கும் வரியை, எப்போதும் இல்லை என்று மாற்றி நீக்கியும் விடலாம். எங்கள் நிரல் தீர்வு சிதறுகிறதா என்பதை அந்தச் சோதனையால்தான் அறிகிறது. அதனால் மூன்றாவது செட்டில் சி, ஃபோர்ட்ரான் இரண்டுக்கும் எஃப்பி-மாடல் பிரிசைஸ் கட்டாயமாகப் போட்டேன். முதல் இரண்டு செட்டிலும் எஃப்எம்ஏ சேர்ப்பை நிறுத்தி ஒரு டீபக் கட்டுமானம் தனியாக உண்டு. இரண்டு கம்பைலர்களின் விடை விலகும்போது, விலகல் ரவுண்டிங்கால்தானா அல்லது உண்மையான பிழையா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். ஒப்பிடுவது எப்போதும் சார்புப் பிழையை வைத்து, தீர்ப்பானுக்குக் கொடுத்த எல்லையை ஒட்டி. எச்சத்தின் மதிப்பு கொஞ்சம் மாறலாம், சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்று கூடலாம் குறையலாம். பத்து கூடினால் ரவுண்டிங் மேல் பழி போடாமல் தேட வேண்டும்.

கான்ஃபிகர் ஒவ்வொரு ஆர்ச்சின் கோப்புறைக்குள்ளும் ரீகான்ஃபிகர் என்று தொடங்கும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்டை எழுதி வைக்கிறது. கொடுத்த தேர்வுகள் எல்லாம் அதில் அப்படியே இருக்கும். எல்லா ஸ்கிரிப்டுகளையும் எங்கள் கிட் (git) களஞ்சியத்தில் சேர்த்துவிட்டேன், பிளாஸ் சோதனை நிரலும் எல்டிடி பார்க்கும் ஷெல் கோப்பும் அதே இடத்தில். அடுத்து ஜிசிசி 14-க்குப் போகும்போது பழைய ஆர்ச்சின் மேல் எழுதாமல் புதிய பெயரில் கட்டி, அதே சோதனைகளை ஓட்டி, எல்லாரும் அதற்கு மாறிய பிறகுதான் பழையதை அழிப்போம்.